6 வோல்ட் பீட்டிலில் செல்ஃப் ஏன் எடுப்பதில்லை?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் புகார் வராமல் இருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது. அரை மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நேரம் அந்த ‘டக்’கும் இல்லை. ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் எரிகிறது, பேட்டரியைச் சோதித்த மெக்கானிக்கும் “பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு” என்கிறார். இரண்டு பேர் தள்ளினால் கிளம்பிவிடுகிறது. கடைசியில் யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “6 வோல்ட் வண்டின்னா அப்படித்தான், 12-க்கு மாத்திடுங்க.”

இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஜெர்மனியின் உறைபனிக் காலத்தில் லட்சக்கணக்கான பீட்டில்கள் இதே 6 வோல்ட்டில்தான் கிளம்பிக்கொண்டிருந்தன. புதிதாக இருந்தபோது சரியாக வேலை செய்த ஏற்பாடு இப்போது தகராறு செய்தால், இடையில் ஏதோ கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் கெட்டிருப்பது பேட்டரி அல்ல. பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவில் உள்ள பாதை. அந்தப் பாதையில் வோல்ட் எப்படித் தொலைகிறது, அதை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

6 என்ற எண்

கார்களில் இருக்கும் ஈய-அமில பேட்டரியில் ஒரு செல் முழு சார்ஜில் சுமார் 2.1 வோல்ட் தரும். மூன்று செல் சேர்ந்தால் 6.3, ஆறு செல் சேர்ந்தால் 12.6. ஆகவே, நாம் ‘6 வோல்ட்’ என்று அழைக்கும் பேட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு மீட்டரில் 6.3 காட்டவேண்டும். 6.1 காட்டினால் பாதி இறங்கிவிட்டது. 6.0 காட்டினால் முக்கால்வாசி காலி. “6 வோல்ட் பேட்டரி, 6 காட்டுது, அப்புறம் என்ன?” என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் பெரிய அளவில் வந்தது 1912-இன் காடிலாக்கில். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது. அதில் நான்கு 6 வோல்ட் பேட்டரிகள். எஞ்சினைச் சுழற்றும்போது நான்கும் வரிசையாக இணைந்து 24 வோல்ட் தரும், மற்ற நேரத்தில் இணையாக இணைந்து 6 வோல்ட்டில் சார்ஜ் ஆகும். அந்தச் சிக்கலான சுவிட்சை வைத்துக்கொண்டு யாரும் ரொம்ப நாள் மல்லுக்கட்டவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒரே 6 வோல்ட் பேட்டரியே போதும் என்று ஆனது, அமெரிக்காவில் அதுவே பொது வழக்கமாகி 1950-கள் வரை நின்றது. கம்ப்ரெஷன் கூடிய பெரிய வி-8 எஞ்சின்கள் வந்த பிறகுதான் 6 வோல்ட் திணற ஆரம்பித்தது. 1953-இல் காடிலாக்கும் 1955-இல் செவ்ரோலேவும் 1956-இல் ஃபோர்டும் 12-க்குப் போயின. பீட்டிலின் எஞ்சின் சிறியது, கம்ப்ரெஷனும் குறைவு. அதனால் அது நிதானமாகவே மாறியது. அமெரிக்காவுக்குப் போன பீட்டில்கள் 1967 மாடலில்தான் 12 வோல்ட் ஆயின.

நம் ஊரில் ஓடிய அம்பாசடரும் ஃபியட் 1100-உம் 12 வோல்ட் வண்டிகள். அதனால் 6 வோல்ட் கார் நமக்குப் பழக்கமில்லை. யெஸ்டி, ராஜ்தூத் பைக் ஓட்டியவர்களுக்கு மட்டும் அந்த ஹெட்லைட் வெளிச்சத்தின் அழகு தெரியும்.

பாதி வோல்ட், இரண்டு மடங்கு ஆம்பியர்

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். எஞ்சினைச் சுழற்றத் தேவையான வாட் மாறாது. வோல்ட் பாதியானால், அதே வேலையைச் செய்ய ஆம்பியர் இரண்டு மடங்கு ஓடவேண்டும்.

கணக்குக்காக, 6 வோல்ட் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைக்கு 12 வோல்ட் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும். இப்போது பாதையில் எங்கோ 5 மில்லி ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது. துருப்பிடித்த ஒரே ஒரு மூட்டு போதும், அவ்வளவு சேரும். 12 வோல்ட் வண்டியில் 100 ஆம்பியருக்கு அது அரை வோல்ட்டைத் தின்னும். பன்னிரண்டில் அரை, அதாவது 4 சதவீதம். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. 6 வோல்ட் வண்டியில் 200 ஆம்பியருக்கு ஒரு முழு வோல்ட் போய்விடும். ஆறில் ஒன்று, கிட்டத்தட்ட 17 சதவீதம். இவ்வளவு பெரிய லோடில் பேட்டரியே 5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அதிலும் ஒன்று போனால் மோட்டாருக்குக் கிடைப்பது நாலு. மூட்டில் சூடாக வீணாகும் சக்தி 12 வோல்ட்டில் 50 வாட், 6 வோல்ட்டில் 200 வாட்: நான்கு மடங்கு.

ஒரு வேடிக்கை: பீட்டிலுக்கு வந்த 6 வோல்ட் பேட்டரி 66 ஆம்பியர்-ஹவர், பின்னால் வந்த 12 வோல்ட் பேட்டரி 36. வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள், 396, 432 வாட்-ஹவர். உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘6 வோல்ட் பேட்டரிக்குத் தெம்பு கிடையாது’ என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போகிறது.

ஹாரன் அடிக்கிறதே, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

லோ வோல்டேஜ் என்றால் என்னவென்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் கடைசி வீட்டில் பல்பு ஒழுங்காக எரியும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் மங்கிவிடும். லைனில் எந்நேரமும் இருந்த மின்தடை, ஆம்பியர் கூடியதும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

காரிலும் இதே கதைதான். 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். அதே 5 மில்லி ஓம் மூட்டு வழியாக அது போனால் இழப்பு 0.03 வோல்ட். விளக்கு பிரகாசமாகவே எரியும். 200 ஆம்பியர் போகும்போதுதான் அந்த மூட்டு தன் குணத்தைக் காட்டும். அதனால் ஹாரனையும் விளக்கையும் வைத்துச் செல்ஃப் லைனுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி வைத்து ‘பீப்’ அடிக்கிறதா என்று பார்ப்பதும் இங்கே உதவாது. கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் சந்தோஷமாகப் பீப் அடிக்கும். 5 மில்லி ஓமைச் சாதாரண மீட்டரால் அளக்கவும் முடியாது. ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டை அளப்பது ஒன்றுதான் வழி. ஆங்கிலத்தில் வோல்டேஜ் டிராப் டெஸ்ட் என்பார்கள். பெயர்தான் பெரிது, ஒரு சாதாரண மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் போதும்.

அளந்து பார்ப்பது

முதலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலிலிருந்து, அதற்குத் துணையான டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் காயில் பக்கம் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி. சுழற்றுவது ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்; நடுவில் மோட்டார் ஆற நேரம் கொடுங்கள்.

பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், வலது பக்கம் இருக்கிறது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயக் குமிழ்கள் மேலேயே வையுங்கள். கிளாம்ப் மேல் அல்ல, குமிழின் மேல். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 5 வோல்ட்டை ஒட்டி நின்றால் பேட்டரி பரவாயில்லை. 4-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது செத்துவிட்டது. இல்லையென்றால் மோட்டாரோ எஞ்சினோ இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, ஒரு முனையைக் குமிழிலும் மற்றதை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துச் சுழற்றுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். இங்கே 0.3, 0.4 என்று வந்தால், வெளியே பளபளவென்று இருக்கும் கிளாம்புக்கு உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் தீர்ந்தது.

அதன் பிறகு பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை. மீட்டரின் ஒரு வயரை நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

கடைசியில் எர்த் பக்கம், அதாவது கரண்ட் வண்டியின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்; என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவதும் இதுதான். மோட்டாருக்குள் போன 200 ஆம்பியரும் அப்படியே பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடியோடு நேரடி இரும்புத் தொடர்பு கிடையாது. அந்த இடைவெளியைக் கடக்க, கியர்பாக்ஸின் முன்மூக்கிலிருந்து வண்டியின் சட்டத்துக்கு ஒரு தட்டையான, பின்னல் போட்ட செம்புப் பட்டை போகிறது. மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸின் சுரண்டிய உலோகப் பகுதியிலும் வைத்துச் சுழற்றுங்கள். 0.2 வந்தால் பிரச்சினை இல்லை. 1 வோல்ட் வந்தால் திருடன் பிடிபட்டான்.

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பட்டை தெரியும். ஐம்பது அறுபது வருட எண்ணெயும் மண்ணும் குழைந்து கரிய பூச்சாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் பின்னலின் இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு, பாதி இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றினால் பட்டை முனையின் வளையத்துக்குக் (லக்) கீழே துரு, அல்லது எப்போதோ வண்டிக்கு பெயிண்ட் அடித்தவர் அதன் மேலும் சேர்த்து அடித்த பெயிண்ட். பெயிண்டின் வழியே கரண்ட் போகாது என்பது பெயிண்டருக்கு எப்படித் தெரியும்? புதுப் பட்டை விலை அதிகமில்லை. போடும்போது இரண்டு பக்கமும் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

இந்தப் பட்டை முழுவதுமாக அறுந்துபோனால் இன்னொரு கூத்தும் நடக்கும். கரண்ட் எப்படியாவது திரும்ப வழி தேடும். கிடைப்பது ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும். அவை சூடாகும், சில வண்டிகளில் கருகிப் பிடித்துக்கொள்ளும். காரணமே இல்லாமல் ஆக்சிலேட்டர் கேபிள் போய்க்கொண்டிருந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஸ்பார்க்கும் மெலியும்

எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அலுத்துப்போய் சாவியை விடுகிற அந்த நொடியில் ஒரு தடவை ‘பட்’ என்று பிடிக்கிறது. இந்த அறிகுறி தெரிந்தவர்கள் கார்புரேட்டரைக் கழற்றமாட்டார்கள். செல்ஃப் இழுக்கும்போது காயிலுக்குப் போகும் வோல்ட்டும் சேர்ந்து விழுகிறது. காயிலின் கரண்டும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வழியாக எஞ்சினுக்கு வந்து, அதே எர்த் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பவேண்டும். பட்டையில் தொலையும் ஒரு வோல்ட் காயில் கணக்கிலிருந்தும் கழிகிறது. 6 வோல்ட் காயிலுக்கு நாலு வோல்ட் கிடைத்தால் ஸ்பார்க் மெலிந்துவிடும். சாவியை விட்டதும் வோல்ட் ஏறுகிறது, எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது, பிடித்துக்கொள்கிறது. தள்ளினால் ஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் இதுவே: செல்ஃப் இழுக்காததால் காயிலுக்கு முழு 6 வோல்ட் கிடைக்கிறது.

சூடானால் மட்டும் ‘டக்’

இது வேறு லைன். செல்ஃப் மோட்டாரின் மேல் சொலினாய்ட் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் முதலில் அதற்குள் இருக்கும் காந்தம்தான் இழுக்கிறது. இழுத்து, பல்சக்கரத்தை ஃபிளைவீலோடு கோர்த்து, பெரிய காண்டாக்டை மூடுகிறது. இந்தக் காந்தத்துக்கான கரண்ட் வரும் வழியைப் பாருங்கள்: பின்சீட்டிலிருந்து டாஷ்போர்டுக்குப் போய், ஹெட்லைட் சுவிட்ச், இக்னிஷன் சுவிட்ச் எல்லாம் தாண்டி, அங்கிருந்து மறுபடி வண்டியின் பின்பக்கத்துக்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால் அதன் மின்தடை 35 மில்லி ஓம். காந்தம் 30 ஆம்பியர் கேட்டால் ஒரு வோல்ட் வயரிலேயே போய்விட்டது. தேய்ந்த சுவிட்ச் காண்டாக்ட் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும்.

குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறது. சூடானால்? செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். எஞ்சினை ஒட்டியிருக்கும் சொலினாய்ட் 50 டிகிரி சூடானால் 20 சதவீதம். காந்தத்தின் வலு அந்த அளவுக்குக் குறைகிறது. பாதி இழுத்து ‘டக்’ என்று நின்றுவிடுகிறது.

இதை உறுதி செய்வது சுலபம். வண்டி சூடாக இருந்து ‘டக்’ அடிக்கும் நேரத்தில், கியர் நியூட்ரலில் இருப்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட்டரில் 30 என்று குறித்த பெரிய போல்ட்டையும் 50 என்று குறித்த சின்ன டெர்மினலையும் ஒரு தடித்த வயரால் ஒரு நொடி இணையுங்கள். மோட்டார் உற்சாகமாகச் சுழன்றால் பேட்டரி, கேபிள், மோட்டார் எல்லாம் சரி. அந்த நீண்ட வயர்தான் குற்றவாளி.

மருந்து ஒரு ரிலே: சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய வயரை அப்படியே கொண்டுவந்து ரிலேயின் 86 என்ற டெர்மினலில் கொடுத்து, 85-ஐ எர்த் செய்து, 30-க்கு ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலிருந்து ஒரு தடித்த குட்டை வயர், 87-இலிருந்து சொலினாய்டின் 50-க்கு இன்னொன்று. ரிலேயின் சுருளுக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாம், ஆகவே நீண்ட வயரில் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் கடையில் ரிலே என்று கேட்டால் 12 வோல்ட் ரிலேதான் கொடுப்பார்கள். அது 6 வோல்ட்டில் சில நேரம் இழுக்கும், சில நேரம் இழுக்காது. 6 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் மோட்டார் இழுத்து இழுத்துச் சுழன்றால், எலக்ட்ரிக்கலை விட்டுவிட்டு புஷ்ஷைப் பாருங்கள். பீட்டிலின் ஸ்டார்ட்டர் தண்டின் ஒரு முனை, கியர்பாக்ஸ் உறையில் அடித்திருக்கும் சின்னப் பித்தளைப் புஷ்ஷில் சுழல்கிறது. அது தேய்ந்தால் தண்டு சாய்ந்து, ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) உள்ளே உரசும். புது ஸ்டார்ட்டர் வாங்கிப் போட்டும் குறை தீராதவர்கள் பெரும்பாலும் புஷ்ஷை மாற்றாதவர்கள்.

டைனமோ

ஆல்டர்னேட்டர் வந்த பிறகு நாம் மறந்துவிட்ட விஷயம்: டைனமோ, அதாவது வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஜெனரேட்டர், ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்கும். ஹெட்லைட் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது வண்டியின் கோளாறு அல்ல. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துப் பேட்டரியில் அளந்தால் 7 வோல்ட்டுக்கு மேல், 7.4-க்குள் வரவேண்டும். டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில், டைனமோ நின்றதும் அதைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் கட்-அவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், நின்ற வண்டியில் பேட்டரி டைனமோ வழியாகவே காலியாகும். டைனமோ தொட்டால் சுடுகிறது, வண்டியோ மணிக்கணக்காக நிற்கிறது என்றால் அதுதான்.

பீட்டில் நெகட்டிவ் எர்த்: பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடிக்குப் போகிறது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளும் ஃபோர்ட் மாடல் ஏ-வும் பாசிட்டிவ் எர்த். பேட்டரி மாட்டும் முன் எது பாடிக்குப் போகிறது என்று பார்ப்பது நல்லது.

சரி, 12-க்கு மாற்றலாமா?

மாற்றலாம், தப்பில்லை. இரவில் நிறைய ஓட்டுகிறீர்கள், நல்ல ஹெட்லைட் வேண்டும் என்றால் அது நியாயமான காரணம். அப்படிச் செய்தால் எல்லா பல்பும், காயில், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், ஃபிளாஷர், ஹாரன், வைப்பர் மோட்டார், ரேடியோ என்று பட்டியல் நீளும். செல்ஃப் மோட்டாரை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 6 வோல்ட் ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட் ஃபிளைவீலில் 130 பல். ஸ்டார்ட்டரை மாற்றப் போனால் ஃபிளைவீலும் சேர்ந்து வரும். 6 வோல்ட் மோட்டாருக்கு 12 கொடுத்தால் வேகமாகச் சுழன்று சட்டென்று ஸ்டார்ட் செய்துவிடும். சில விநாடிகள் என்பதால் தாங்கிக்கொள்கிறது. எஞ்சின் பிடிக்காதபோது விடாமல் சுழற்றினால்தான் கருகும்.

நடுவே ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: நாலு செல் உள்ள 8 வோல்ட் பேட்டரி. செல்ஃப் நன்றாக எடுக்கும், உண்மை. ஆனால் 7.4-இல் நிற்கும் ரெகுலேட்டர் 8.4 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே முடியாது. ரெகுலேட்டரைத் திருகி 9-க்கு மேல் ஏற்றினால் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.